உடுப்பு குப்பையாகும் முன்னரே மானியம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மட்டக்களப்பு கல்லடியில் வீட்டோடு மெசின் போட்டு 19 வருடமாகத் தைக்கிறேன். தீபாவளி, நோன்புப் பெருநாள் சீசன் வந்தால் வெட்டுத்துண்டு மட்டுமே உரப்பைக் கணக்கில் சேரும். முன்பெல்லாம் பெரும்பாலும் பருத்தி, தலையணைக்குள் அடைப்போம், மிச்சத்தை மண்ணில் போட்டால் உக்கிவிடும். இப்போது என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் பொலியெஸ்டர். அதைக் கொளுத்திய இடத்தை மறுநாள் போய்ப் பாருங்கள், சாம்பலே இருக்காது, உருகிச் சொட்டி மணலோடு ஒட்டிக் கறுப்புக் கல்லாகக் கிடக்கும். கொளுத்தாதவர்கள் வடிகானுக்குள் போடுகிறார்கள். மாரி மழைக்கு அது என்ன செய்யும் என்று வாவிக்கரையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உக்கும் குப்பை, உக்காத குப்பை என்று பிரிக்கப் பழகிவிட்டோம், சரி. பாதி பருத்தி பாதி பொலியெஸ்டரான சட்டையை எதில் போடுவது?

அதனால்தான் கேட்கிறேன், நமது மாநகர சபை அடுத்த பாதீட்டில் ஒரு சிறு தொகையை இதற்கென்றே ஒதுக்கட்டும். குப்பையை அள்ளுவதற்கு அல்ல, துணி குப்பையாகாமல் தடுப்பவர்களுக்கு. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், இளைஞர் கழகம், நாலு தையற்காரர் சேர்ந்த குழு, யார் கேட்டாலும் கொடுக்கலாம். இது புதுக் கதை இல்லை. அமெரிக்காவின் சியாட்டில் மாநகரம் குப்பை உருவாகாமல் தடுக்கும் சமூகத் திட்டங்களுக்கு மானியம் கொடுத்து வந்திருக்கிறது. பிரான்சில் 2023 இறுதியிலிருந்து கிழிந்த உடுப்பையும் செருப்பையும் திருத்தக் கொடுத்தால் கூலியில் ஒரு பகுதியை, தொடங்கியபோது 6 முதல் 25 யூரோ வரை, கழித்துவிடுகிறார்கள், அந்தப் பணம் உடுப்புக் கம்பனிகள் கட்டும் நிதியிலிருந்து வருகிறது. நம்மிடம் அவ்வளவு பணம் இல்லைதான், ஆனால் துணி விளிம்பு பிரியாமல் தைக்கும் ஓர் ஓவர்லொக் மெசின், ஒரு தராசு, வாடகைக்கு ஓர் அறை, இதற்கு எவ்வளவு ஆகிவிடும்?

அந்த அறையில் என்ன நடக்கும் என்பதை என்னால் இப்போதே சொல்ல முடியும். பாடசாலை தொடங்கும் நேரம் பிள்ளைக்குச் சின்னதாகிப்போன வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அளவான இன்னொன்றை எடுத்துப் போகலாம். சிப் போன காற்சட்டைக்குச் சிப் மாற்றலாம். ஒன்றுக்கும் உதவாததைக் கீலம் கீலமாகக் கிழித்தால் கால்மிதி நெய்யலாம், தறி தெரிந்தவர்கள் மருதமுனையில் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வந்து பழக்க மாட்டார்களா? எங்கள் அம்மாவின் சீலை ஒன்று முதலில் தம்பிக்கு ஏணையானது, பிறகு சட்டி இறக்கும் துணியானது. அந்தப் பழக்கம் நமக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லித் தந்ததில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு நாங்கள் ஒரு பாடசாலையில் தங்கியிருந்தபோது லொறியில் உடுப்பு மூட்டைகள் வந்து இறங்கின. குளிர்நாட்டுக் கம்பளிக் கோட்டு, பட்டன் இல்லாத சட்டை, ஒற்றைச் சப்பாத்து எல்லாம் ஒரே குவியல். கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள், ஆனால் பிரித்துத் தர ஆளில்லை. இரண்டு மழையில் பூஞ்சணம் பிடித்து நாற, கடைசியில் குழி வெட்டிப் புதைத்தோம். நூலும் ஊசியும் நாலு கையும் அப்போது இருந்திருந்தால் அதில் பாதியாவது உடம்பில் ஏறியிருக்கும். இன்றும் வெள்ளம் வரும்போதெல்லாம் அந்தக் குழிதான் என் கண்ணுக்குள் வருகிறது.

இன்னொன்று, தயவுசெய்து இதைக் கடனாகத் தர வேண்டாம். நுண்கடனில் மட்டக்களப்புப் பெண்கள் பட்டது போதும். இரண்டு தவணையாகக் கொடுங்கள், முதல் தவணையில் எத்தனை கிலோ துணியைக் குப்பைக்குப் போகாமல் தடுத்தோம் என்று நிறுத்துக் காட்டினால் அடுத்தது. விண்ணப்பமும் ஒரு பக்கத்தில், தமிழில் இருக்கட்டும். பத்துப் பக்கப் படிவம் என்றால் அது ஏற்கெனவே எழுதத் தெரிந்த பெரிய அமைப்புகளுக்குத்தான் போகும்.

கொளுத்த மனம் வராமல் மூன்று உரப்பை வெட்டுத்துண்டு என் வீட்டு விறாந்தையில் கட்டிக் கிடக்கிறது. எங்கே கொண்டுவர வேண்டும் என்று சபை சொன்னால் நானே ஓட்டோ பிடித்து ஏற்றி வருகிறேன்.

இப்படிக்கு,
கல்லடி வாசகி ஒருவர்