செயலாளர் ஆண்டறிக்கை: தைப்பிங் ஏரிப் பூங்காவும் நாம் வகுத்த மூன்று பாதைகளும்

தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும், இந்த மழையிலும் குடையோடு வந்து சேர்ந்த உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு நான் அறிக்கை வாசித்தபோது பின்வரிசையில் இரண்டு பேர் தூங்கிவிட்டதாகப் பொருளாளர் சொன்னார். அதனால் இந்த முறை கணக்கு வழக்கை அவரிடமே விட்டுவிட்டேன். தணிக்கை செய்த தாள் உங்கள் நாற்காலியில் இருக்கிறது. படித்துவிட்டுச் சண்டை இருந்தால் அவரிடம் போடுங்கள். செயலவைக் கூட்டங்கள் முறைப்படி நடந்தன. ஒரு கூட்டம் மட்டும் போதிய ஆள் சேராமல், கோப்பிக் கடையில் பசியாறிவிட்டுக் கலைந்தது. அதையும் குறிப்பேட்டில் எழுதித்தான் வைத்திருக்கிறேன்.

இந்த ஆண்டு செய்த வேலை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல நம் நடைச் சங்கத்துக்கு ஒன்றுதான் உண்டு. ஏரிப் பூங்காவிலிருந்து கிளம்பும் மூன்று நடைவழிகளை நாமே நடந்து, திருத்தி, ஒரே தாளில் வரைபடமாகப் போட்டிருக்கிறோம். மற்றதெல்லாம் இதற்கு முன்னும் பின்னும் நடந்தவை.

அதற்கு முன் சட்டை விஷயத்தை முடித்துவிடுகிறேன். தைப்பூசம் முடிந்த கையோடு ஒரு நெடுநடை வைத்து, எல்லாருக்கும் மஞ்சள் சட்டை அடிக்கலாம் என்று பெரும்பான்மையாக முடிவானது. நான் எதிர்த்தேன், தோற்றேன். அச்சான சட்டை வந்தபோது 'நடை' என்ற சொல்லில் ஐகாரக் கொம்பு டகரத்துக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தது. கணினியில் சரியாகத்தான் இருந்தது என்று அச்சகத்தார் சாதித்தார்கள். திருப்பி அடிக்கப் பணம் இல்லை. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நடந்தோம். வழியில் பார்த்த சீன நண்பர்களுக்கும் மலாய் நண்பர்களுக்கும் அதனால் ஒரு குறையும் தெரியவில்லை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் மட்டும் சிரித்தார்கள். மிச்சம் இருக்கும் சட்டைகள் என் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. தேவைப்படுபவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம், எல்லாம் பெரிய அளவு.

சரி, பாதைகளுக்கு வருகிறேன்.

வெளியூரிலிருந்து வருபவர்கள் நம் ஏரியைப் பார்த்து, இவ்வளவு அழகான இயற்கை ஏரியா என்று கேட்கிறார்கள். நம்மில் சிலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். இது ஏரியே இல்லை. ஈயம் தோண்டிய குழிகளில் மழைத்தண்ணீர் நின்று உண்டான குட்டைகள். இந்த ஊருக்குத் தைப்பிங் என்று பெயர் வருவதற்கு முன் கிளியான் பாவ் என்றுதான் சொன்னார்கள். லாருட்டில் ஈயம் கிடைத்த கதை எல்லாருக்கும் தெரியும்: லோங் ஜஃபார் என்ற மலாய்த் தலைவரின் லாருட் என்ற யானை காட்டில் காணாமல்போய்த் திரும்பி வந்தபோது, அதன் காலில் ஒட்டியிருந்த சேற்றில் ஈயமணல் இருந்ததாம். யானைக் கதை எவ்வளவு உண்மையோ, அந்தச் சேற்றுக்காக நடந்த வெட்டுக்குத்து உண்மை. கிளியான் பாவில் ஹாய் சான், கமுந்திங் பக்கம் கீ ஹின் என்று இரண்டு சீன ரகசியக் கூட்டங்கள் 1861 முதல் மாறி மாறி மோதி, 1874-இல் பங்கோர் ஒப்பந்தத்தோடு ஓய்ந்தார்கள். அதற்கப்புறம் வந்த பெயர்தான் தைப்பிங், நிலையான அமைதி. கைவிட்ட லம்பத்தைச் (ஈயச் சுரங்கத்தைச்) சுற்றி 1880-இல் பூங்கா போட ஆரம்பித்தார்கள். ஆங்கிலேய அதிகாரி கர்னல் வாக்கரின் யோசனை அது என்பார்கள்.

வரைபடத்தின் பின்பக்கம் இந்த வரலாற்றை நான்கு வரியில் போடலாம் என்று உட்கார்ந்தபோதுதான் சண்டை வந்தது. சுங் தை பின் என்ற சீனச் செல்வந்தர் இந்தக் குட்டைகளைப் பொதுமக்களுக்குத் தானம் செய்தார் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறது. நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் எழுந்து, "அவர் பிறந்ததே 1879. ஒரு வயசுப் பிள்ளை தொட்டிலில் படுத்துக்கொண்டே குட்டையைத் தானம் பண்ணியதா?" என்று கேட்டார். பிறகு எப்போதாவது கொடுத்திருக்கலாம், கப்பித்தானாக, அதாவது சீனர் தலைவராக, இருந்த அவருடைய அப்பா சுங் கெங் கூவி கொடுத்திருக்கலாம் என்று பேசிப் பேசி இரவு பத்து மணியாகிவிட்டது. கடைசியில் 'பழைய ஈயக்குட்டைகள்' என்று மட்டும் போட்டோம். இந்தப் பேச்சினால்தான் அன்றைய கூட்டத்தில் சந்தா உயர்வைப் பேச முடியாமல் போனது. ஆசிரியருக்கு நன்றி.

முதல் பாதை குட்டைகளைச் சுற்றி, தூங்குமூஞ்சி மரங்களின் கீழே போகிறது. தினமும் வருபவர்களுக்கு இதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1884 வாக்கில் நட்டவை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். இங்கே வந்து நம் ஊர்க்காரனாகிவிட்டது. சாலையின் ஒரு பக்கம் நின்றுகொண்டு, மறுபக்கம் தண்ணீர்வரை கிளையை நீட்டுகிறது. மாலையிலும் மழை இருட்டும்போதும் இலையை மடக்கிக்கொள்வதால் நாம் தூங்குமூஞ்சி என்கிறோம். மலாய்க்காரர்கள் அதே மரத்தைப் புக்குல் லீமா, அதாவது ஐந்து மணி மரம் என்கிறார்கள். நாம் திட்டுகிறோம், அவர்கள் மணி பார்க்கிறார்கள்.

இந்தப் பாதையின் தூரத்தைக் குறிக்க மூன்று பேர் மூன்று கைப்பேசியோடு நடந்தோம். மூன்றும் மூன்று கணக்குக் காட்டின. அதனால் வரைபடத்தில் கிலோமீட்டர் போடாமல், சாதாரண நடையில் எவ்வளவு நேரம் ஆகும் என்று போட்டிருக்கிறோம். யாருடைய சாதாரண நடை என்று கேட்காதீர்கள்.

இரண்டாவது பாதை ஊருக்குள் போகிறது. இதுதான் எனக்குப் பிடித்தது. பூங்காவிலிருந்து சிறைச்சாலை மதிலோரம் நடந்து, எதிரே இருக்கும் பேராக் அருங்காட்சியகத்துக்கு வரலாம். சிறை 1879-ஐச் சேர்ந்தது, அருங்காட்சியகம் 1883-ஐச் சேர்ந்தது. ஊர் பேராக் மாநிலத்தின் தலைநகராக இருந்த காலத்துக் கட்டடங்கள். 1937-இல் தலைநகர் ஈப்போவுக்குப் போனதால்தான் இவை இடிபடாமல் தப்பின என்பது என் சொந்த அபிப்பிராயம். பிறகு ஏழாம் எட்வர்ட் பள்ளி. இந்த நாட்டின் முதல் ரயில் 1885 ஜூன் 1 அன்று தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு, இன்றைய கோல செபெத்தாங்குக்கு, ஓடியது. பழைய நிலையம் இருந்த இடம் இந்தப் பள்ளிதான். ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோகப் போட்ட தண்டவாளம் அது. ஈயக்குழிகளைத் தோண்டியவர்கள் சீனத் தொழிலாளர்கள். தண்டவாளம் போட இலங்கையிலிருந்து பயனியர் படை ஆட்களை வரவழைத்தார்கள். ரயில்வேயோடு வந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் பேரன் பேத்திகள் இன்றும் நம்மோடு நடக்கிறார்கள். ஈயத்தையும் தமிழரையும் எப்படிச் சேர்ப்பது என்று யோசித்துக்கொண்டிருந்த நமக்கு, அந்த மதிலோரம் நடந்தபோது விடை கிடைத்தது.

மூன்றாவது பாதை புக்கிட் லாருட் மலை அடிவாரத்தை நோக்கி, போர்க் கல்லறைத் தோட்டம் வரை. நடுவில் சாலை ஓடுகிறது. ஒரு பக்கம் கிறிஸ்தவ வீரர்கள், மறு பக்கம் இந்து, முஸ்லிம், கூர்க்கா வீரர்கள். பெயர் தெரியாதவர்களின் கல் நிறைய. அங்கே சத்தமாகப் பேச வேண்டாம், பாட்டுப் போட வேண்டாம் என்று வரைபடத்தில் சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறோம். அது போன முறை நடந்ததற்காக. யார் என்று நான் சொல்லப்போவதில்லை.

இனி, நான் எழுதப் பிடிக்காத பகுதி. ஆண்டுக் கடைசி மழைக்குப் பிறகு முதல் பாதையில், சின்னக் குட்டை ஒன்றின் ஓரம் புல் கொஞ்சம் உள்வாங்கியிருந்ததை நம் அக்கா ஒருவர் பார்த்தார். மேலே பார்த்தால் நல்ல புல்தரை. நான் குடையின் நுனியை ஊன்றினேன். பிடிவரை இறங்கியது. இழுத்தபோது கம்பியில் வெள்ளை மணல் ஒட்டியிருந்தது, மாவு சலித்தது போல. அந்த இடத்தில்தான் பிள்ளைகள் தூண்டில் போட நிற்பார்கள். அன்றைக்கே இரண்டு மரத்துக்கு நடுவே சிவப்பு ராஃபியா கயிறு கட்டினோம். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்தோம். முதல் கடிதம் காணாமல்போனது. இரண்டாவது கடிதத்துக்கு, முதல் கடிதத்தின் நகலைக் கேட்டு பதில் வந்தது. மூன்றாவது முறை நானே நேரில் போய்க் குடைக்கம்பியைக் காட்டினேன். அதற்கப்புறம் தடுப்பு வந்தது, மண் கொட்டினார்கள். கொட்டிய மண் நிற்குமா என்பதை அடுத்த மழை சொல்லும்.

இதை நமக்கு முன்பே ஒருவர் சொல்லியிருந்தார். கிந்தா பள்ளத்தாக்கு லம்பத்தில் இளவயதில் வேலை பார்த்த நம் மூத்த உறுப்பினர், நாம் எல்லாரும் தாத்தா என்று கூப்பிட்டவர், இந்த ஆண்டு நம்மை விட்டுப் போய்விட்டார். தன் பெயர் எழுத்தில் வருவதை அவர் எப்போதும் விரும்பியதில்லை, அதனால் இங்கேயும் எழுதவில்லை. பத்து காஜா பக்கம் இருக்கும் டி.டி. 5 என்ற, மிதந்துகொண்டே ஈயம் தோண்டும் ஈயக்கப்பலுக்குச் சுற்றுலா போனோமே, அதுதான் அவரோடு நாம் போன கடைசிப் பயணம். 1938-இல் கட்டி, 1982 வரை ஓடிய கப்பல். வழிகாட்டி இளைஞர் மலாயிலும் ஆங்கிலத்திலும் விளக்கிக்கொண்டிருக்க, தாத்தா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நமக்குத் தமிழில் தனியாகச் சொன்னார்.

"கப்பல் குட்டையில் நிக்குதுன்னு நெனைக்கிறீங்க. குட்டைதான் கப்பலோட நடக்கும். முன்னால வாளி வரிசையா மண்ணை வெட்டும், உள்ள அலசி ஈயத்தை எடுத்துக்கிட்டு, மிச்ச மணலைப் பின்னால கொட்டும். முன்னால குழி, பின்னால மணல். அந்த மணலை நம்பி நிக்கக் கூடாது."

எங்கள் ஊர்க் குட்டை கப்பல் தோண்டியது இல்லையே தாத்தா, சாங்குலும் (மண்வெட்டியும்) கூடையும் வைத்துத் தோண்டியதுதானே என்று நான் கேட்டேன். "எவன் தோண்டினா என்ன, அலசின மண்ணுல ஒட்டு இருக்காது" என்றார். மண்ணை ஓடும் தண்ணீரில் அலசினால் கனமான ஈயமணல் அடியில் தங்கும், களி கரைந்து ஓடிவிடும், மிஞ்சுவது உதிரி மணல். இவ்வளவு எளிய விஷயம் எனக்குக் குடை இறங்கிய அன்றுதான் மண்டையில் ஏறியது. வரைபடத்தில் கரையோரம் முழுவதும் புள்ளிக்கோடு போட்டு 'இங்கே நிற்காதீர்கள்' என்று எழுதியது தாத்தாவின் பேச்சுக்காகத்தான். படம் அச்சாகி வந்தபோது அவர் இல்லை.

அவர் விட்டுப்போன இன்னொன்று மழைப் பந்தயம். ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் கொட்டும் ஊரில் இன்று மழை வருமா வராதா என்று பந்தயம் கட்டுவது தைப்பிங்காரர்களின் பழைய வியாதி. தாத்தா காசு வைக்க மாட்டார், தே ஓ, அதாவது பால் இல்லாத தேநீர், ஒரு கிளாஸ் வைப்பார். மரத்தின் இலையையும் மலையின் மேகத்தையும் பார்த்துச் சொல்வார். பெரும்பாலும் வராது என்பார். பெரும்பாலும் தோற்பார். தே ஓ வாங்கிக் கொடுப்பதற்காகவே தோற்கிறார் என்று பின்னால்தான் தெரிந்தது. அவர் குடும்பத்தாரிடம் சங்கத்தின் சார்பில் அனுதாபம் தெரிவித்துவிட்டோம். இப்போது ஒரு நிமிடம் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி. உட்காருங்கள்.

மற்றவை சுருக்கமாக. பெரிய மழைக்கு அடுத்த நாள் மரத்தடியில் உட்கார வேண்டாம். கிளைமேல் வளர்ந்திருக்கும் பறவைக்கூட்டுப் பெரணி தண்ணீர் குடித்துக் கனமாகிவிடுகிறது, இந்த ஆண்டு ஒரு கொத்து நம் வழக்கமான பெஞ்சின் மேல் விழுந்தது. அப்போது பெஞ்சில் யாரும் இல்லை, என் தண்ணீர்ப் போத்தல் மட்டும் இருந்தது. நீர்நாய்க் குடும்பத்துக்கு ரொட்டி போடுவதை நிறுத்துங்கள். அவை மீன் தின்பவை, ரொட்டியால் குரங்குகள்தான் வருகின்றன. நகரம் 2019-இல் பெர்லினில் நீடித்த நகரங்கள் வரிசையில் உலக அளவில் மூன்றாம் இடம் பெற்றதை வரைபடத்தில் பெரிதாகப் போட வேண்டும் என்று ஓர் உறுப்பினர் கடிதம் கொடுத்தார். இடம் இல்லை. புள்ளிக்கோட்டை எடுத்தால் இடம் வரும் என்றார். எடுக்கவில்லை.

புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் காலை வணக்கப் படங்களைக் குறைக்கும்படி மீண்டும் வேண்டுகிறேன். கரை உள்வாங்கிய அன்று அக்கா போட்ட செய்தி முப்பது ரோஜாப் பூக்களுக்கு அடியில் மாட்டிக்கொண்டு, நான் மதியம்தான் பார்த்தேன்.

வரும் ஆண்டுக்குச் செயலவை இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. ஒன்று, மழைக்குப் பிறகு வாரம் ஒருமுறை இருவர் கரையோரம் நடந்து பார்ப்பது. பெயர் கொடுக்கத் தாள் வாசலில் இருக்கிறது, ஒரு நீளக் கம்பும் வைத்திருக்கிறோம், குடை வேண்டாம். இரண்டு, வரைபடத்தை மலாயிலும் சீனத்திலும் போடுவது. மலாய் மொழிபெயர்ப்பை ஆசிரியர் ஏற்றுக்கொண்டார். சீனத்துக்குக் கோப்பிக் கடை முதலாளியின் மகள் ஒத்துக்கொண்டிருக்கிறார், கூலியாக மஞ்சள் சட்டை ஒன்று கேட்டார். சின்ன அளவு இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி முன்மொழிகிறேன். வழிமொழிபவர் கொஞ்சம் சீக்கிரம் எழுந்தால் நல்லது. மைக் வாடகைக்கு எடுத்தது, பன்னிரண்டு மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.