சாட்சி நேரத்தில் இடம் கிடைக்காதவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்தவ சபைகளில், தேவன் தங்கள் வாழ்வில் செய்ததை விசுவாசிகள் எழுந்து சொல்லும் சாட்சி நேரம் இப்போது பெரும்பாலும் வெற்றிச் செய்திகளுக்கே ஒதுக்கப்படுகிறது. பதவி உயர்வு, வெளிநாட்டு வேலை, கல்லூரியில் இடம் என்று ஒவ்வொன்றையும் அறிவித்து, "கர்த்தர் என்னை வாலாக்காமல் தலையாக்கினார்" என்று முடிக்கிறார்கள். நன்றி சொல்வதை யாரும் குறை கூற முடியாது. ஆனால் அந்தச் சொல் வரும் வேதாகம வசனமான உபாகமம் 28:13-ஐ முழுவதும் வாசித்துப் பாருங்கள். கட்டளைகளைக் கைக்கொண்டு நடந்தால் என்ற நிபந்தனையும் அதே வசனத்தில்தான் இருக்கிறது. வேத வாக்குறுதிகளை அச்சிட்டுத் தரும் வாக்குத்தத்த அட்டையில் அந்தப் பகுதியை மட்டும் யாரும் அச்சிடுவதில்லை.

ஞாயிறு பள்ளியில் என்னிடம் படித்த ஒரு பெண், வளர்ந்து ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்தாள். வந்து சேராத சரக்கை வந்ததாகக் காட்டும் ரசீதில் கையெழுத்திடச் சொன்னார்கள். மறுத்துவிட்டாள். அவளுக்கு வரவேண்டிய பதவி வேறொருவருக்குப் போனது. நானும் கணக்கு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்தான். மேலதிகாரி மேசையருகே காத்து நிற்க, "எல்லோரும் போடுவதுதானே, நீ மட்டும் என்ன?" என்று கேட்கும் அந்த நேரத்தில் 'முடியாது' என்று சொல்வதற்கு எவ்வளவு திடமனது வேண்டும் என்பதை அறிவேன். சபையில் அவளைத் தேற்றியிருக்க வேண்டிய ஒரு பெரியவரோ, "ஜெபக்குறைவு இருக்கிறதா என்று பார் அம்மா" என்றார். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கொதிக்கிறது. அந்தப் பெண்ணைச் சாட்சி சொல்ல எவரும் அழைக்கவில்லை.

ஸ்காட்லாந்து ஓட்டப்பந்தய வீரர் எரிக் லிடெலின் கதையைப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று கர்த்தருடைய நாளான ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் ஓட மறுத்தார். பிறகு 400 மீட்டரில் 47.6 விநாடிகளில் ஓடித் தங்கம் வென்றார். 'தேவனைக் கனம்பண்ணினார், தேவன் அவருக்குப் பதக்கம் கொடுத்தார்' என்று சொல்லி அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் மறுத்தபோது தங்கம் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியாது. அடுத்த ஆண்டே, புகழின் உச்சியில் இருந்தபோது, மிஷனரியாகச் சீனாவுக்குப் போய்ப் பள்ளி ஆசிரியரானார். 1945-இல் ஜப்பானியரின் தடுப்பு முகாமில், மூளையில் கட்டி வந்து, 43 வயதில் இறந்தார். மனைவியும் மூன்று பெண் பிள்ளைகளும் கனடாவில் இருந்தார்கள். கடைசிக் குழந்தையை அவர் பார்த்ததே இல்லை. இந்தப் பகுதியையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா? பதக்கத்தோடு கதையை முடித்தால், உண்மையாக இருப்பதும் முன்னேறுவதற்கான ஒரு வழிதான் என்றுதானே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்? வேதாகமத்தில், ராஜாவின் பொற்சிலையை வணங்காவிட்டால் எரியும் சூளையில் போடப்படுவோம் என்று அறிந்து நின்ற மூன்று எபிரெய வாலிபரும் 'எங்கள் தேவன் விடுவிக்காமற்போனாலும்' வணங்க மாட்டோம் என்றல்லவா ராஜாவிடம் சொன்னார்கள்!

உயர்ந்த பதவியே கூடாது என்று நான் சொல்லவில்லை. யோசேப்பும் தானியேலும் அரசவையில் அமர்ந்தவர்கள். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், மருத்துவராகட்டும், நீதிபதியாகட்டும். அந்த இடத்துக்குப் போக எதைக் கொடுத்தார்கள் என்பதைத்தான் கேட்கிறேன். எரேமியா தீர்க்கதரிசியின் எழுத்தராக இருந்த பாருக்கிடம் கர்த்தர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்த வசனம்: "நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ? தேடாதே." அவருக்கு வாக்களிக்கப்பட்டது, போகும் இடமெல்லாம் உயிர் தப்பும் என்பது மட்டுமே. தீர்க்கதரிசியின் வார்த்தைகளை எழுதிய சுருளை ராஜா கத்தியால் அறுத்து நெருப்பில் போட்ட பிறகும், அவர் மறுபடியும் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினார். இப்படிப்பட்ட ஒருவருக்கு நம் சாட்சி நேரத்தில் சொல்ல என்ன இருந்திருக்கும்?

ஆயர்களிடமும் போதகர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பொய்க் கணக்கு எழுத மறுத்ததால் வேலை இழந்தவர்களையும், வரதட்சிணை வேண்டாம் என்றதால் வீட்டாரின் பகையைத் தேடிக்கொண்ட இளைஞர்களையும், நோயுற்ற பெற்றோருக்காக வெளிநாட்டு வாய்ப்பை விட்டவர்களையும் முன்னே அழையுங்கள். அவர்கள் இழந்தது திரும்பக் கிடைத்ததா என்று கேட்காமல், நடந்ததை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்திலும் இத்தகையோரின் அனுபவங்களுக்கு இடம் தந்தால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர், ஞாயிறு பள்ளி ஆசிரியை