முதன்மைக் கல்வி அலுவலருக்கு: அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். விமானத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், அரசு உயர்நிலைப் பள்ளியில் நடத்திவந்த சனிக்கிழமை அறிவியல் வகுப்பை மீண்டும் நடத்த அனுமதி கேட்கிறார். அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு மனுக்கள் உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கின்றன. கடந்த திங்கட்கிழமை பார்த்ததை வைத்துச் சொன்னால், அதுகூட உறுதியில்லை.

அன்று அந்தப் பெரியவருக்குத் துணையாக நானும் வந்திருந்தேன். காலை பத்தரைக்கு வந்தோம். பிரிவு எழுத்தர் "கோப்பு மேலே போயிருக்கு" என்றார். மாடிக்குப் போனால் "கீழேதானே இருக்கு" என்றார்கள். நாலு மணிக்கு ஒரு யோசனை கிடைத்தது: "எதுக்கும் புதுசா ஒரு மனு எழுதிக் குடுத்துட்டுப் போங்க." அதுவரை எழுபத்து மூன்று வயது மனிதர் படிக்கட்டு ஓரமாக நின்றிருந்தார். உட்காருங்கள் என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர் சத்தம் போடவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இந்தக் கோப்புல கடைசியாக் கையெழுத்துப் போட்டது யாருங்க?"

யாருக்கும் தெரியவில்லை.

அவருக்கு அந்தக் கேள்வி தொழிலில் இருந்து வந்தது. பெங்களூரில் விமானம் தயாரிக்கும் அரசு நிறுவனமான எச்.ஏ.எல்.-இல் 1975-இல் சேர்ந்து, 37 வருடம் உழைத்து, பொது மேலாளராக ஓய்வு பெற்றவர். கிரண் பயிற்சி விமானத்தில் தொடங்கி துருவ் ஹெலிகாப்டரில் முடித்தவர். 1992 ஆகஸ்டில் துருவின் முதல் மாதிரி பறந்த கதையை ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார், அது வேறு விஷயம். விமானத்தில் முக்கியமான ஒரு திருகை முடுக்கினால், முடுக்கியவர் ஒரு கையெழுத்து, சரிபார்த்தவர் இன்னொரு கையெழுத்துப் போட வேண்டுமாம். இரண்டும் விழாமல் விமானம் கொட்டகையை விட்டு நகராது. ஒன்பது மாதமாக நகராத கோப்பில் ஒரு கையெழுத்தாவது இருக்கிறதா என்றுதான் அவர் கேட்டார்.

அவர் படித்ததும் இதே பள்ளிதான். ஊர் திரும்பியவர் இரண்டு வருடம் சனிக்கிழமைதோறும் வந்தார், காசு வாங்காமல். சுழல் நாற்காலியில் ஒரு பையனை உட்கார வைத்து, சைக்கிள் சக்கரத்தைத் தலைக்கு மேல் படுக்கைவசமாகப் பிடித்துச் சுற்றச் சொல்வார். சக்கரம் ஒரு பக்கம் சுற்றும், நாற்காலி எதிர்ப்பக்கம் திரும்பும். ஹெலிகாப்டர் வாலில் எதற்கு இன்னொரு விசிறி என்று என் மகள் அன்றைக்குத்தான் எனக்கு விளக்கினாள். பழைய எக்ஸாஸ்ட் ஃபேன், ஒட்டுப்பலகை, காற்று நேராக வர நூற்றுக்கணக்கான ஸ்ட்ராக்கள். இவற்றை வைத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு காற்றுச் சுரங்கமே கட்டினார். இப்போது அது ஆய்வகத்தில் பூட்டிக் கிடக்கிறது.

வெளியாட்கள் விஷயத்தில் கெடுபிடி ஏன் வந்தது என்று தெரியும். 2024-இல் சென்னை அரசுப் பள்ளிகளில் ஆன்மிகச் சொற்பொழிவாளர் ஒருவர் முற்பிறவிப் பாவம் என்று பேசிய பேச்சு எத்தனை பெரிய சர்ச்சையானது! பெண்ணைப் பெற்றவள் என்ற முறையில் அந்தக் கெடுபிடியை நானும் வரவேற்கிறேன். அதனால்தான் யாரும் கேட்பதற்கு முன்பே பெரியவர் காவல்துறைச் சான்றிதழ் வாங்கி முதல் மனுவோடு இணைத்தார். நாங்கள் கேட்பது சலுகை இல்லை. அனுமதி கொடுங்கள், இல்லையென்றால் முடியாது என்று எழுதிக் கொடுங்கள்.

இதற்கு நடுவில் ஒருவர் பெரியவரிடம் பி.எட். இருக்கிறதா என்று கேட்டாராம். இல்லை, ஹெலிகாப்டர்தான் செய்யத் தெரியும். 2022-இல் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' என்று, பள்ளிகளுக்கு நன்கொடையும் உதவியும் தர முன்னாள் மாணவர்களை அரசே கூப்பிட்டது. அதே வருடம் வானவில் மன்றமும் வந்தது, செய்து பார்த்து அறிவியல் படிக்க. ஒரு முன்னாள் மாணவர் செய்து காட்டவே வந்தார், படிக்கட்டில் நிறுத்திவிட்டோம். காசோலையோடு வந்திருந்தால் நாற்காலி கிடைத்திருக்குமோ என்னவோ. சரி, மன்னித்துக்கொள்ளுங்கள், இதை எழுத வரவில்லை.

அந்தக் கோப்பைத் தயவுசெய்து தேடச் சொல்லுங்கள். அனுமதியோ மறுப்போ, தேதி போட்டு உங்கள் கையெழுத்தோடு ஒரு வரி போதும். ஆய்வகச் சாவி தலைமையாசிரியரிடம் இருக்கிறது. அப்புறம், ஐந்தாவது மனுவையும் திங்கட்கிழமையே கொடுத்துவிட்டோம். ஒப்புகைச் சீட்டுக் கேட்டோம், சீட்டுப் புத்தகம் தீர்ந்துவிட்டதாம்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்