ஊக்கித் திரவங்களைப் பசளையென விற்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரும்போக விதைப்பு நெருங்கும் இவ்வேளையில், மட்டக்களப்பு மாவட்டத்தின் படுவான்கரைக் கடைகளில் கடற்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம், அமினோ அமிலம் என்று பல பெயர்களில் இயற்கைப் பயிர் ஊக்கிகள் விற்பனைக்கு வந்துள்ளன. அவற்றை நான் எதிர்ப்பவன் அல்லன். ஆனால், "இதைத் தெளித்தால் யூரியாவைப் பாதியாகக் குறைக்கலாம்" என்று சொல்லி விற்பதை ஏற்க முடியவில்லை.

50 கிலோ யூரியா மூடை ஒன்றில் 23 கிலோ நைதரசன் உண்டு. ஒரு லீற்றர் திரவத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு நைதரசன் இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், அது ஏறத்தாழ 100 கிராம்தான். ஒரு தொன் நெல்லை விளைவிக்கவோ, பயிர் 15 முதல் 20 கிலோ வரை நைதரசனை எடுத்துக்கொள்கிறது. கணக்கு இவ்வளவுதான்.

ஊக்கியின் வேலை வேறு. கடற்பாசிச் சாற்றிலுள்ள, வளர்ச்சி ஓமோன்களை ஒத்துச் செயற்படும் பொருள்களும், ஹியூமிக் அமிலமும் வேர் பெருகத் துணைசெய்வதால், மண்ணில் ஏற்கெனவே உள்ள போசணையைப் பயிர் கூடுதலாக உறிஞ்சுகிறது. வறட்சியையும் உவரையும் ஓரளவு தாங்கிக்கொள்கிறது. மண்ணில் இல்லாததை இவற்றால் தர முடியாது. அசோஸ்பைரில்லம் போன்று காற்றிலுள்ள நைதரசனைப் பிடிக்கும் பற்றீரியாக்கள் இதற்குச் சற்று விலக்கு. அவையும் யூரியாவை முழுமையாக ஈடுசெய்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டின் பசளை ஒழுங்குவிதியில், போசணை அளவைக் கொண்டன்றிச் செயலைக் கொண்டே ஊக்கிகளை வரையறுத்தது. இந்தியாவும் 2021இல் இவற்றைத் தனி வகையாகப் பசளைக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தது.

நம் மாவட்டத்தில் இவற்றுக்கு நல்ல இடமுண்டு என்பதே என் எண்ணம். களுதாவளை போன்ற கரையோர ஊர்களின் மணல் மண்ணில் நீரும் பசளையும் தங்குவதில்லை. மரக்கறிச் செய்கையாளருக்கு வேர் வளம் பெரிய உதவி. இத்தகைய மணல் மண்ணில் தக்காளிக்குச் சார்கசம் கடற்பாசிச் சாற்றைத் தெளித்து, கிழக்குப் பல்கலைக்கழக விவசாய ஆய்வாளர்கள் பரிசோதித்தும் இருக்கிறார்கள். அத்தகைய முடிவுகள் எளிய தமிழில் கமக்காரரின் கைக்கு வந்து சேர வேண்டும். மீன் கழிவையும் சர்க்கரையையும் புளிக்கவைத்து வீட்டில் தயாரிக்கும் திரவம் செலவு குறைந்ததுதான். ஆனால் அதன் செறிவு ஒவ்வொரு தடவையும் மாறுவதால், முதலில் சில செடிகளுக்கு மட்டும் தெளித்துப் பார்ப்பது நல்லது.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது, மாற்றெனச் சொல்லப்பட்டவை போதிய அளவிலும் உரிய காலத்திலும் கிடைக்காமல் வயல்கள் வெளிறிக் கிடந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். தடை அதே ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டது. விளைச்சல் இழப்பைச் சுமந்தவன் விவசாயி.

எனவே, ஒவ்வொரு போத்தலிலும் மூலப்பொருள், செறிவு, பயிர், அளவு, காலாவதித் திகதி ஆகியவை தமிழில் அச்சிடப்படுவதை அதிகாரிகள் கட்டாயமாக்க வேண்டும். வரவிருக்கும் பெரும்போக ஆரம்பக் கூட்டங்களில் விவசாயப் போதனாசிரியர்கள் இதை விளக்குவதோடு, ஒவ்வொரு கமநல சேவை நிலையப் பிரிவிலும் ஒரு வயலைத் தெரிந்து, ஒரே இனம், ஒரே பசளை இட்டு, ஒரு பாத்திக்கு ஊக்கி தெளித்தும் மறுபாத்திக்குத் தெளிக்காமலும் விட்டு, அறுவடையில் இரண்டையும் தனித்தனியே நிறுத்துக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெற்செய்கையாளர் ஒருவர்,
கொக்கட்டிச்சோலை.