மூத்தோர் பிரிவின் 2025ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் தீபாவளி விருந்தும் வழக்கம்போல நன்றாக நடந்தன. படங்கள் எல்லார் கைப்பேசியிலும் இருக்கின்றன, அதனால் விவரிக்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். இந்த ஆண்டு நம் பிரிவின் உழைப்பில் பெரும்பங்கு, உறுப்பினர்கள் வீட்டு வரிச் சலுகைகளைப் பெற உதவுவதற்கே போனது. அதைப் பற்றித்தான் இந்த அறிக்கை.

டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது என்று சந்தோஷப்பட்டுக் குடிவந்தவர்கள் நாம். அந்தக் கணக்கை வீட்டு வரியில் நேர் செய்துவிடுகிறார்கள். சம்பளம் நின்றாலும் வரி நிற்பதில்லை.

நவம்பர் 4 அன்று நடந்த வாக்கெடுப்பில், டெக்சாஸ் அரசியல் சட்டத்தில் நமக்கு உதவும் இரண்டு திருத்தங்கள் நிறைவேறின. வீட்டு வரியில் பள்ளிகளுக்குப் போகும் பங்கு பள்ளி வரி. அதற்கான ஹோம்ஸ்டெட் விலக்கு, அதாவது நாம் குடியிருக்கும் சொந்த வீட்டின் மதிப்பில் வரிக் கணக்கில் சேராத தொகை, 1,00,000 டாலரிலிருந்து 1,40,000 ஆனது. 65 வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதலாகக் கிடைத்துவந்த 10,000 டாலர் 60,000 ஆனது. இரண்டும் 2025 வரிக்கே பொருந்தும். 65 வயதானவரின் வீடு 3,40,000 டாலர் மதிப்புள்ளது என்றால், இரண்டு விலக்கும் போக, பள்ளி வரியை 1,40,000 டாலருக்குத்தான் கணக்கிட வேண்டும். இது சின்னச் சலுகை இல்லை.

ஆனால் கேட்காமல் கிடைக்கும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. வீட்டின் மதிப்பை நிர்ணயிக்கும் அப்ரைசல் அலுவலகக் கோப்பில் பிறந்த தேதி இருந்தால் 65 ஆனதும் அவர்களே சேர்த்துவிடலாம். இல்லாவிட்டால் 50-114 படிவத்தை நாம்தான் நிரப்ப வேண்டும். படிவம் நிரப்ப நாம் நடத்திய முகாம்களில் அதிக நேரம் பிடித்தது இந்தத் தேதிதான். வீட்டில் கொண்டாடும் பிறந்தநாள் ஒன்று, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி இன்னொன்று. டெக்சாஸ் அடையாள அட்டையில் உள்ளதையே எழுதுங்கள் என்று சொல்லிச் சொல்லி நம் தொண்டர்களுக்குத் தொண்டை கட்டியது. அட்டையில் உள்ள முகவரியும் அந்த வீட்டு முகவரியாகவே இருக்க வேண்டும். படிவத்துக்குக் கட்டணம் இல்லை. 'நாங்கள் வாங்கித் தருகிறோம்' என்று பணம் கேட்டு வரும் கடிதங்களைக் குப்பையில் போடுங்கள்.

அடுத்து, டாக்ஸ் ஃப்ரீஸ், அதாவது மூத்தோரின் வரித் தொகை ஏறாமல் நிறுத்தும் உச்சவரம்பு. கணவரை இழந்த உறுப்பினர் ஒருவர் அக்டோபரில் பில்லோடு வந்தார். "ஃப்ரீஸ்னு சொன்னீங்க, ஏறித்தானே இருக்கு?" என்றார். வரி வரியாகப் படித்துப் பார்த்தோம். பள்ளி வரி அதே தொகையில் நின்றிருந்தது, ஏறியது எம்.யூ.டி. வரி, அதாவது குடிநீர், கழிவுநீர் வசதிகளைப் பார்க்கும் உள்ளூர் அமைப்பின் வரி. பள்ளி வரிக்கு உச்சவரம்பு கட்டாயம். கவுன்டியும் நகரமும் விரும்பினால் வைக்கலாம். எம்.யூ.டி.க்கு அது கிடையாது. புது அறையோ நீச்சல் குளமோ கட்டினால் பள்ளி வரியின் வரம்பும் உயரும். கணவர் பெயரில் இருந்த வரம்பு அவருக்குத் தொடர்ந்ததற்குக் காரணம், கணவர் மறைந்தபோது இந்த அம்மாவுக்கு 55 வயது தாண்டியிருந்ததுதான். இது தெரியாமல் விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் நம் நடுவே இருக்கலாம், சற்று விசாரியுங்கள்.

மாற்றுத்திறனாளி விலக்கும் மூத்தோர் விலக்கும் ஒரே வரி அமைப்பிடம் சேர்ந்து கிடைக்காது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மகன் பெயரில் உள்ள வீட்டில் வசிக்கும் பெற்றோருக்கு வயதை மட்டும் வைத்து எதுவும் கிடைக்காது. இதைக் கேட்டுச் சிலருக்கு நம்மேல் வருத்தம். பத்திரத்தில் பெயர் சேர்ப்பது பற்றிச் சங்கம் ஆலோசனை சொல்லாது, வக்கீலைப் பாருங்கள்.

ஊருக்குப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வருபவர்கள் பயப்பட வேண்டாம். திரும்பி வரும் எண்ணத்தோடு, வேறு வீட்டை நிரந்தர இருப்பிடமாக்காமல், இரண்டு ஆண்டுக்குள் வந்துவிட்டால் விலக்கு போகாது. கவலை தபாலைப் பற்றித்தான். 2023இல் வந்த சட்டப்படி ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது தகுதியைச் சரிபார்க்கிறார்கள். சரிபார்ப்புக் கடிதம் இங்கே பெட்டியில் கிடக்க, நாம் அங்கே கல்யாண வீட்டில் இருப்போம். பக்கத்து வீட்டுக்காரரிடமாவது தபால் பெட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

மூத்தோர் அல்லது மாற்றுத்திறனாளி விலக்கு உள்ளவர்களில், முழுத் தொகையையும் ஒரே தடவையில் கட்ட முடியாதவர்கள் நான்கு தவணையாகக் கட்டலாம், அபராதம் இல்லை. முதல் தவணைக்குக் கெடு ஜனவரி 31. வரியையே ஒத்திவைக்கவும் வழி உண்டு. ஆனால் ஆண்டுக்கு 5 சதவீத வட்டி ஏறிக்கொண்டே போகும், வீட்டின்மேல் பாக்கியும் நிற்கும். அடமானக் கடன் இருந்தால் வங்கியிடம் முதலில் பேசுங்கள். என்னைக் கேட்டால் இதைக் கடைசி வழியாகத்தான் வைத்துக்கொள்வேன், அதுவும் பிள்ளைகளுக்குத் தெரிவித்துவிட்டு.

வரும் ஆண்டில், ஏப்ரல் 30 கெடுவுக்கு முன்பே முகாமை முடிக்கச் செயற்குழு தீர்மானித்திருக்கிறது. நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே சென்று படிவம் நிரப்பக் கார் ஓட்டும் தொண்டர்கள் தேவை. பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் துணைச் செயலாளரைப் பாருங்கள்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்