கூத்து மேடையைக் கீழே இறக்குங்கள்

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் விழாக்குழுவில் இருக்கும் பெரியவர்களுக்கும் தம்பிகளுக்கும்,

வணக்கம். நான் நம்ம ஊரில் பிறந்து வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டவள். தலைக்கட்டு வரி கொடுக்காதவளுக்கு இதில் என்ன பேச்சு என்று நாட்டாண்மை பெரியப்பா கேட்பார், தெரியும். ஆனால் கோயிலில் பாரதம் வைத்தால், அதாவது பகலில் பாரதம் படித்து ராத்திரி கூத்து நடத்தினால், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பஸ் பிடித்து வருவது கட்டிக்கொடுத்துப் போன பெண்கள்தான். கூட்டத்தில் பாதி நாங்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இந்த வருஷ நோட்டீஸ் பார்த்தேன். பத்து ராத்திரி நடந்த கூத்து இப்போது இரண்டே ராத்திரி. அதுவும் 9 மணிக்கு ஆரம்பித்து 12-க்குள் முடித்துவிட வேண்டுமாம். மற்ற நாளெல்லாம் இன்னிசைக் கச்சேரி, பட்டிமன்றம், சின்னத்திரை ஆட்கள் வரும் கலைநிகழ்ச்சி. போனில் கேட்டால் பொருளாளர் அண்ணன், "கூத்துக்கு யாரும்மா உக்கார்றாங்க, பாதி ராத்திரிக்கு மேல நாற்காலிதான் இருக்கு" என்கிறார். பொய் இல்லை, போன வருஷம் நானே பார்த்தேன். ஆனால் அந்த நாற்காலிகளைப் போட்டது யார்?

போன வருஷம் துகில், அதாவது திரௌபதி துகிலுரியும் கூத்து அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆள் உயரத்துக்கு மேடை. மேடைக்கு முன்னால் சவுக்குக் கட்டையில் தடுப்பு, தடுப்புக்கு இந்தப் பக்கம் பிரமுகர்களுக்கு சோபா, அதற்குப் பின்னால் நாற்காலி வரிசை, எல்லாவற்றுக்கும் கடைசியில் பாயோடு நாங்கள். இரண்டு பக்கமும் எல்.இ.டி. திரை வேறு. கூத்தின் கோமாளியான கட்டியக்காரர் வந்தார், தாளத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றினார், ஊரில் மழை தண்ணி எல்லாம் எப்படி என்று வழக்கம்போலக் கேட்டார். பதிலே இல்லை. இன்னொரு தரம் கேட்டார். அப்புறம் மேடை விளிம்பு வரைக்கும் வந்து, புருவத்துக்கு மேல் கையைக் குடையாக வைத்துக்கொண்டு, "எங்கப்பா இருக்கீங்க? லைட்டுதான் தெரியுது, ஜனம் தெரியலையே" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அந்த மனுஷனின் பிழைப்பே எதிரே இருக்கும் முகத்தில்தான் இருக்கிறது. கூத்து தெருமண்ணில் நடந்த காலத்தில் ஜமா, அதான் கூத்துக் குழு, சாயங்காலமே வந்து இறங்கிவிடும். கட்டியக்காரர் டீக்கடையில் அரை மணி நேரம் உட்காருவார், யாரோ வீட்டில் சாப்பிடுவார், ஊர்ச்சங்கதி மொத்தமும் காதில் ஏறிவிடும். ராத்திரி துரியோதனன் கொலுவில் வந்து உட்கார்ந்து மாதம் மும்மாரி பொழிகிறதா என்று கேட்டால், இவர், "மழையை விடுங்க மகாராஜா, மோட்டாருக்குக் கரண்டு ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் வருது, கழனிக்குத் தண்ணி பாய்ச்சப் போனவன் பொண்டாட்டி இங்க உக்காந்து கூத்து பாக்கறா" என்பார். அவ்வளவுதான், அஸ்தினாபுரம் நம்ம தாலுக்கா ஆபீஸ் ஆகிவிடும். யாரும் கேட்கத் துணியாததை ஒரு கோமாளி ராஜாவிடமே கேட்பதைப் பார்த்துத்தான் என் ஆயா வயிறு குலுங்கச் சிரிப்பாள். எழுத்தே தெரியாத அவளுக்குப் பாரதம் முழுக்கத் தெரியும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் படிக்கக் கேட்பாள், ராத்திரி அதையே ஆடப் பார்ப்பாள், நடுவில் பிரசங்கியார் விட்டுப்போனதை எங்களுக்குச் சொல்வாள்.

துகில் விஷயத்துக்கே வருகிறேன். துச்சாதனன் வேஷக்காரர் திரௌபதி புடவையில் கை வைக்கும் முன்னால் கர்ப்பூரம் ஏற்றி, அம்மனிடமும் சபையிடமும் மன்னிப்புக் கேட்பார், கவனித்திருக்கிறீர்களா? திரௌபதியாக நிற்பதும் ஓர் ஆண்தான், அரிதாரத்துக்குக் கீழே மீசை மழித்த தடம் தெரியும். இருந்தாலும் அந்த நிமிஷத்தில் அது வேஷம் என்று யாரும் நினைப்பதில்லை. சின்ன வயதில் நான் ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்தக் கர்ப்பூரத் தட்டு பிடித்த கை நடுங்கியது. துச்சாதனனே பயப்படுகிறானே என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது இத்தனை வருஷம் கழித்தும் போகவில்லை. போன வருஷம் அதே இடத்தில் திரையில் பெரிதாகக் காட்டினீர்கள், நல்ல துலக்கமாகத்தான் இருந்தது, ஆனால் என் மகள் நிலக்கடலை உரித்துக்கொண்டே பார்த்தாள். அவள் பார்த்தது டிவி, அவளைக் குறை சொல்ல முடியாது.

அர்ஜுனன் வேஷக்காரர் உயரமான மரத்தில் ஏறித் தவம் செய்யும் அர்ஜுனன் தபசை இந்த வருஷம் எடுத்தே விட்டீர்கள். மரம் ஏறுவது ஆபத்து என்று காரணம். சரி, பாதுகாப்பு வேண்டும்தான், கயிறு கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மேலேயிருந்து அர்ஜுனன் போடுகிற எலுமிச்சம்பழத்துக்காக ஈரப்புடவையோடு மடியேந்தி நிற்கும் பெண்களிடம் என்ன சொல்லப் போகிறீர்கள்? கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அம்மா அப்படி நின்று பிடித்த பழம்தான் நான் என்று ஆயா சொல்வாள். நான் அதை நம்புகிறேனா என்றால், டாக்டரிடமும் போனார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு கதையின் நடுவில் போய் நின்று, அதிலிருந்து ஒரு பழத்தை வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தது பாருங்கள், எந்தச் சின்னத்திரை ஆள் வந்து எனக்கு அதைக் கொடுப்பார்?

தாத்தா காரியத்துக்குக் கர்ண மோட்சம் கூத்து வைத்தோம், ஞாபகம் இருக்கும். மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும் இடம் வந்தபோது விடியப் போகிற நேரம். பதினாறு நாளாகக் கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல் இருந்த ஆயா அப்போதுதான் அழுதாள். யாரும் தேற்றப் போகவில்லை, மத்தளக்காரர் மட்டும் கொஞ்ச நேரம் அடங்கி வாசித்தார். 12 மணிக்குள் முடிக்கச் சொன்னால் அந்த இடத்தை எங்கே வைப்பது? 11.40-க்கா?

இன்னொன்று. கூத்தில் ஜனம் தூங்குகிறது என்று கிண்டல் செய்கிறீர்கள். தூங்கத்தான் செய்வோம். முகவீணைக் குழல் வீறிட்டால் எழுந்து பார்ப்போம், தெரிந்த கதைதானே, விட்ட இடம் எங்கேயும் போகாது. பக்கத்தில் இருப்பவள் "சக்கர வியூகம் வந்துடுச்சு, எழுந்திருடி" என்று இடுப்பில் இடிப்பாள். நாற்காலியில் எப்படித் தூங்குவது?

கச்சேரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் ஆடியிருக்கிறேன், போன வருஷம் பக்கத்து வீட்டு அண்ணி சாட்சி. ஆனால் அதற்கு ஒரு ராத்திரி போதும்.

போலீஸ் காரணம் சொல்வீர்கள். இரவு 10-க்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, திருவிழாவுக்கு அனுமதி கிடைத்தால் 12 வரை என்று விதி இருக்கிறது, தெரியும். அதற்கு மேல் மைக்கை நிறுத்திவிட்டு நடத்திக்கொள்கிறோம் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துக் கேட்டுப் பார்த்தீர்களா? கூத்துக்காரர்கள் அப்படித் தூக்கின சுருதியில் பாடுவதே மைக் இல்லாத காலத்துப் பழக்கம்தான். மைக் நின்றால் கூட்டம் தானாக முன்னால் நகர்ந்து உட்காரும். அதைத்தானே நானும் கேட்கிறேன்.

"சென்னையிலேயே கூத்தை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிப் போடுறாங்க" என்று செயலாளர் தம்பி சொன்னான். போடட்டும். 1977-இல் எழுத்தாளர் ந. முத்துசாமி அங்கே கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அதன் நடிகர்களுக்குக் கூத்து சொல்லிக்கொடுத்தது நம்ம செய்யாறு பக்கத்துப் புரிசை ஊர்க் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரான். பட்டணம் இங்கேயிருந்து எடுத்துக்கொண்டு போனதை, நாம் அங்கேயிருந்து அளவு குறைத்துத் திருப்பி வாங்க வேண்டுமா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. குறைந்தது ஐந்து ராத்திரி கூத்து வையுங்கள், விடிய விடிய. மேடை வேண்டாம், கோயிலுக்கு எதிரே பழைய இடத்தில் மண்ணில் ஆடட்டும். தடுப்பு, சோபா, திரை எல்லாம் கச்சேரி அன்றைக்கு இருக்கட்டும். பிள்ளைகளை முன்னால் உட்காரவிடுங்கள், துரியோதனன் கிறுக்கி ஆடிச் சுழலும்போது பாவாடை காற்று முகத்தில் அடிக்கிற தூரத்துக்கு. கட்டியக்காரர் விழாக்குழுவைக் கிண்டல் செய்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள், போன முறை கணக்கு கேட்டார் என்று அன்பளிப்பைக் குறைத்ததாகக் கேள்விப்பட்டேன்.

ஜமாவுக்கு வெற்றிலை பாக்கு வைக்க இன்னும் நாள் இருக்கிறது. தபசு மரத்துக்கு அலைய வேண்டாம், போன மழையில் சாய்ந்த பனை ஒன்று எங்கள் கழனி வரப்பில் கிடக்கிறது. அப்பாவிடம் சொல்லிவிட்டேன், டிராக்டர் மட்டும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கீழத்தெரு முனை வீட்டுப் பெண்