ஆண்டறிக்கை: சிங்கம் பாக்கப் போயி சிலந்தி பாத்துட்டு வந்தோம்

நம்ம தமிழ்ச் சங்கத்து ஆளுங்க எல்லாருக்கும் வணக்கம். பொங்கல், பசங்களுக்கு தமிழ் கிளாஸ் எல்லாம் போன வருஷம் மாதிரியே நடந்துச்சு, கணக்க பொருளாளர் அண்ணன் சொல்லுவாரு, சந்தா பாக்கி யாருன்னு நான் சொல்ல மாட்டேன், அவங்களுக்கே தெரியும்.

பெருசா சொல்லணும்னா தென்னாப்பிரிக்காவுல கலஹாரி பாலைவனத்துக்குப் போன டூர்தான். ஜோஹன்னஸ்பர்க்ல இருந்து அப்பிங்டன், அங்க இருந்து இன்னும் ஒரு 250 கிலோமீட்டர் போனா ட்வீ ரிவீரன் கேம்ப், கலகாடிங்கிற வனவிலங்கு பார்க் வாசல். போனதென்னவோ சிங்கத்துக்கு. கண்ட எடத்துல எறங்கக்கூடாதுன்னு ரூல், அதனால ரெண்டு நாள் வேன்லயே உக்காந்து இடுப்பு வலிதான் மிச்சம்.

மூணாம் நாள் காலைல கேம்ப் உள்ள, டென்ட் பக்கத்து செம்மணல்ல ஆட்டுக் குளம்பு அழுத்துன மாதிரி ஒரே ஒரு தடம். "ஒத்தக்கால் ஆடா?"ன்னு மகளிரணி அக்கா கேட்டாங்க. அதுதான் பக்ஸ்பூர் சிலந்தி. இந்த வகைக்கு செயோதைரான்னு அறிவியல் பேர், கேப் டவுன் மியூசியத்துல இருந்த பர்செல் 1903ல வச்சாரு. தடம் மாதிரி தெரியுறது பட்டுல நெய்த ஒரு பாய், மேல மணல் ஒட்டியிருக்கும், ஓரத்துல பஞ்சு மாதிரி நூல், பசையே கிடையாது ஆனா கால் சிக்குனா வராது, அடியில பட்டு பூசுன பொந்து.

நாங்க குத்துக்கால் போட்டு உக்காந்திருக்கும்போதே எறும்பு ஒண்ணு ஓரத்துல கால வச்சிருச்சு. உதறுது, உதறுது, வரல. மணல் லேசா மேல தூக்குச்சு, கீழ இருந்தே ஒரு கடி, பாய் ஓரம் விலகி எறும்பு உள்ள போயிருச்சு. சிலந்தியோட ஒரு கால் நுனிதான் கண்ணுல பட்டுச்சு. மத்தியானம் மணல் 60 டிகிரிக்கு மேல கொதிக்கிறப்பவும் ஓடி வந்து பிடிச்சிட்டு, உடனே உள்ள போயி உடம்ப ஆத்திக்குமாம். ஆம்பள சிலந்திக்கு எறும்பு வேஷம், வெளிய சுத்திக்கிட்டு கெடக்கும்.

சாயந்திரம் நம்ம ஆளுங்க மடக்கு சேர் ஒண்ணோட கால் சரியா அது மேலயே. யார் சேர்னு எழுதல. விடிஞ்சு பாத்தா பாதி குளம்பு புதுசா நெய்திருந்துச்சு.

அடுத்த வருஷமும் அங்கதான்னு கமிட்டி முடிவு. சேர் ஏத்துறது பத்தி மட்டும் பொருளாளர் அண்ணன்கிட்ட தனியா பேசணும்.